கண்மணியின் அளவைக் கொண்டு மூளையைக் கணிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிலாவெளி மணலில் நண்பகல் வெயிலில் நிற்பவரின் கண்மணி, அதாவது கண்ணின் நடுவிலுள்ள கரிய துளை, ஏறத்தாழ 2 மில்லிமீற்றராகச் சுருங்கிவிடும். அதே ஆள் இரவில் மின்சாரம் நின்றுபோன வீட்டுக்குள் இருக்கையில் அது 7, 8 மில்லிமீற்றர் வரை விரியக்கூடும். மனக்கணக்குப் போடும்போது ஏற்படும் விரிவோ பெரும்பாலும் அரை மில்லிமீற்றருக்குள் அடங்கிவிடுகிறது. வெளிச்சத்தின் இந்தப் பெரும் பங்கைக் கணக்கில் எடுக்காமல், கண்மணி விரிந்திருப்பதைக் கண்டதும் மனம் கிளர்ந்திருக்கிறது என்று முடிவுகட்டுவதே தவறுகளுள் பெரியது. தூரத்தில் நிற்கும் வள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் குனிந்து கைத்தொலைபேசியைப் பார்த்தாலே அளவு மாறிவிடும். வயது ஏற ஏறவும் கண்மணி சிறுத்துப்போகுமாதலால், பேரனையும் அம்மம்மாவையும் ஒப்பிடுவதில் பொருளில்லை.

அதற்காக அந்தச் சிறு விரிவைக் கற்பனை என்று ஒதுக்கிவிடவும் கூடாது. இலக்கங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு நினைவில் வைத்திருக்கும்போது, இலக்கம் கூடக் கூடக் கண்மணி விரிவதையும், அவற்றைத் திருப்பிச் சொல்லச் சொல்ல அது சுருங்குவதையும் உளவியலாளர்களான டானியல் கானமனும் ஜாக்சன் பீற்றியும் 1966 இல் அளந்து காட்டினார்கள். இத்தகைய ஆய்வில் வெளிச்சம் மாறாமல் காக்கப்படும். வேலை தொடங்குமுன் இருந்த அளவு குறிக்கப்படும். பலமுறை செய்து சராசரி எடுக்கப்படும். தேநீர்க் கடையில் எதிரே இருப்பவரின் கண்ணை உற்றுப் பார்ப்பது இதற்கு ஈடாகாது.

கண்மணியை ஒரே இரசாயனத்தின் அளவுகோலாக்குவது, படித்தவர்களும் செய்யும் பிழை. மூளைத்தண்டிலுள்ள லோக்கஸ் செருலியஸ் என்னும் சிறு நரம்புக்கலத் திரளிலிருந்தே மூளையின் பெரும்பகுதிக்கு நோரட்ரினலின் என்னும் இரசாயனம் செல்கிறது. அதன் செயற்பாடு கூடும்போது கண்மணியும் விரிவதைக் குரங்குகளில் பதிவுசெய்திருக்கிறார்கள். ஆனால், மூளையில் அசற்றைல்கோலின் என்னும் வேறொரு இரசாயனத்தின் செயற்பாடும் கண்மணியின் ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்தே மாறுகிறது. போதாததற்கு, கண்ணில் கண்மணியை விரிக்கும் பரிவு நரம்பு வெளியிடுவது நோரட்ரினலின், சுருக்கும் பரபரிவு நரம்பு வெளியிடுவது அசற்றைல்கோலின். கண்ணில் சுரக்கும் இவற்றை மூளைக்குள் சுரப்பவற்றோடு ஒன்றாக எண்ணிக் குழம்புவோர் பலர். கண்ணைப் பார்த்து, இன்னொரு மூளை இரசாயனமான ‘டோபமின் கூடிவிட்டது’ என்று சொல்வது வெறும் ஊகமே.

கண்மணி விரிவதைக் கொண்டு பொய்யையோ காதலையோ கண்டுபிடிக்கலாம் என்ற நம்பிக்கையைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. மகிழ்ச்சியூட்டும் படமும் அச்சமூட்டும் படமும் கண்மணியை விரிக்கவே செய்கின்றன; நேர்முகத் தேர்வின் பதற்றமும் அப்படித்தான்.

மருந்துகளை மறப்பது இவற்றைவிட ஆபத்தானது. கண் கிளினிக்கில் கண்மணியை விரிக்கும் துளிமருந்து விட்டுக்கொண்டு மூதூர் பஸ்ஸில் ஏறுபவரின் கண்மணி சில மணிநேரம் விரிந்தே கிடக்கும். அவரைப் போதைக்காரர் என்று சந்தேகிப்பது அநியாயம். ஊமத்தை விரிக்கும், அபின் வகை மருந்துகள் சுருக்கும். கந்தளாய் வயலில் மருந்தடித்தவருக்கு வியர்வையும் வாந்தியும் வந்து, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தால், அது ஓகனோபொசுபேற்றுப் பூச்சிகொல்லி நஞ்சேறியதன் அறிகுறியாக இருக்கலாம். இரு கண்மணிகளுக்கும் இடையிலான சிறு வித்தியாசம் ஐந்தில் ஒருவருக்கு இயல்பாகவே உண்டு. ஆனால் அது திடீரெனத் தோன்றி, கடும் தலைவலியோ மயக்கமோ இமைச் சரிவோ கூடவே வந்தால், வீட்டில் ரோச் அடித்துச் சோதித்துக்கொண்டிராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும்.