ஐரிஷ் புல்லாங்குழல்: பதிவு அனுப்பும் முன்

நீங்கள் வாசித்ததைப் பதிவு செய்து மற்றவர்களிடம் கருத்துக் கேட்டு அனுப்பும் முன் சில விஷயங்கள். சோமனூர், பல்லடம் பக்கம் வீடு என்றால் முதலில் தறி ஓடாத நேரம் பாருங்க. ஆடி மாதமானால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு மைக்கில் உறுமும், ஜன்னலைச் சாத்திவிடுங்கள். போனை வாய்க்கு நேராக வைக்காமல் நாலைந்து அடி தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் வைத்தால் ஊதும் காற்றின் சத்தம் குறையும். எக்கோ சேர்க்க வேண்டாம், அது தப்பை மூடிவிடும்.

ஒரே ஒரு ஜிக் (ஐரிஷ் நடன மெட்டு) போதும். எட்டு பார் (தாள அளவு) கொண்ட இரண்டு பாகம், ஒவ்வொன்றும் இரண்டு முறை, அப்படியே நிறுத்தாமல் மூன்று சுற்று வாசியுங்கள், ஏனென்றால் மூச்சு எங்கே தடுமாறுகிறது என்பது கடைசிச் சுற்றில்தான் வெளியே வரும்.

"எப்படி இருக்குங்க?" என்று கேட்டால் "சூப்பருங்க" என்றுதான் பதில் வரும். "ரோல் (ஒரு சுரத்தை அதன் மேல், கீழ்ச் சுரங்களைத் தொட்டு அலங்கரிப்பது) தாளத்தில் விழுகிறதா? மூச்சுக்காக நான் விட்ட சுரம் சரியான இடமா?" என்று கேளுங்கள். (இந்த மெட்டுகளில் மூச்சுக்கென்று தனி இடைவெளி பெரும்பாலும் இருக்காது, ஒரு சுரத்தை விட்டுத்தான் இழுக்க வேண்டும்.)

கருத்துச் சொல்பவர்களும் "0:42இல் கட் தாமதம்" என்று நேரத்தோடு சொல்லுங்கள் (கட் என்பது சுரத்துக்கு முன் மேல் சுரத்தைச் சட்டென்று தொடுவது). அப்புறம், கர்நாடக இசைக் காதோடு கமகம் தேடாதீர்கள்.