பழைய ஒஸ்டின் ஏ40 காரில் நாலு சிக்னலையும் ஒன்றாக மின்ன வைப்பது எப்படி?

போன மாரியில் ஒரு இரவு, யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தில் அப்பாவின் ஏ40 நின்றுவிட்டது. சுற்றிவரக் கடல், கும்மிருட்டு. பின்னால் வந்த மினி பஸ் கடைசி நேரத்தில்தான் எங்களைக் கண்டு விலகியது. அடுத்த நாளே இந்த வேலையைத் தொடங்கினேன்.

இதற்குக் காரின் செம்மஞ்சள் சிக்னல் போதும். அதை மின்ன வைப்பது பிளாஷர் என்ற சின்னத் தகர டப்பா: உள்ளே உள்ள தகடு சூடேறி வளைய இணைப்பு விடும், ஆறியதும் ஒட்டும். அந்த 'டிக் டிக்' சத்தம் அதுதான்.

முதலில் பற்றரியின் எந்த முனை பொடியில் (காரின் தகர உடலில்) பூட்டியிருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். இன்றைய கார்களில் மைனஸ். பழைய ஏ40, மொறிஸ் மைனரில் பிளஸ். சிலர் பிறகு மாற்றியும் இருப்பார்கள். பிளஸ் பொடியில் இருக்கும் காருக்கு எலெக்ட்ரோனிக் பிளாஷரை வழமைபோலக் கொடுத்தால் பழுதாகிவிடும். தகடு வைத்த பழைய வகைக்கு அந்தப் பேதமில்லை, அதையே வாங்குங்கள். பார்த்த பிறகு பற்றரி வயர்களைக் கழற்றிவிடுங்கள்.

ஒரு பல்ப் 21 வாட். நாலும் 84 வாட், 12 வோல்ட்டில் 7 அம்பியர். பக்கத்துக்கு இரண்டு பல்ப் என்று கணக்குப் பார்த்த 42 வாட் பிளாஷர் இதைத் தாங்காது. நாலு பல்ப்புக்கு என்று கேட்டு வாங்குங்கள். பியூஸ் 10 அம்பியர்.

பொடியில் பூட்டாத முனையிலிருந்து, சாவி சுவிச்சுக்குப் போகாமல், நேரே ஒரு வயர் எடுங்கள். பியூஸ் பற்றரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். அங்கிருந்து பிளாஷர், பிறகு சுவிச். தகரத்தைத் துளைத்து வயர் போகும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். இல்லாவிட்டால் தகர விளிம்பு வயரை அறுத்துவிடும்.

சுவிச்சில்தான் பலர் பிழை விடுகிறார்கள். ஒரே தட்டில் இரண்டு தனித்தனி இணைப்பு மூடுகிற சுவிச் வேண்டும்: ஒன்று இடப்பக்க சிக்னலுக்கு, மற்றது வலப்பக்கத்துக்கு. சாதாரண சுவிச்சில் இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கினால், இடப்பக்கம் திரும்பும்போது வலப்பக்கமும் மின்னும்.

பற்றரியைப் பூட்டி, சாவி இல்லாமல் சுவிச்சைத் தட்டுங்கள். நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை மின்னினால் சரி. பிறகு சுவிச்சை நிறுத்தி, இடப்பக்க சிக்னலை மட்டும் போட்டு, வலப்பக்க லைற் மின்னாமல் இருக்கிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.