தவறான முடிவை நம்பும்படி எழுதுவது எப்படி: வடசென்னைக் கதை எழுதுவோருக்கு

திரையில் ஒரு பாத்திரம் தவறான முடிவை எடுக்கும்போது அரங்கில் இரண்டு விதமான குரல்கள் எழும். "ஐயோ, போகாதடா" என்பது ஒன்று. "இவனுக்கு மூளையே இல்லையா?" என்பது மற்றொன்று. முதல் குரல் எழுந்தால் கதை தன் வேலையைச் செய்துவிட்டது என்று பொருள். இரண்டாவது குரல் எழுந்த கணத்தில் பார்வையாளர் பாத்திரத்தை விட்டுவிட்டு, அதை எழுதியவரின் வசதியைக் கவனிக்கத் தொடங்கிவிடுகிறார். அதன் பிறகு எவ்வளவு நல்ல காட்சி வந்தாலும் அவரை மீண்டும் கதைக்குள் இழுப்பது கடினம். காசிமேட்டையோ வியாசர்பாடியையோ களமாக வைத்துக் குறும்படமும் திரைக்கதையும் எழுதுகிறவர்கள் இந்த இரண்டாவது குரலுக்கு இடம் கொடுக்காமல் எழுதுவதற்கான வழிமுறைகளை இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எல்லோரும் யோசித்து நடந்தால் பெரும்பாலான கதைகள் பத்தாவது நிமிடத்திலேயே முடிந்துவிடும். எனவே பாத்திரம் தவறு செய்வது குற்றமே இல்லை. தமிழில் இதற்குச் சிலப்பதிகாரத்தைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. பாண்டியன் விசாரணையே இல்லாமல் ஒருவனைக் கொல்ல ஆணையிடுகிறான். தனியாக எடுத்துப் பார்த்தால், ஓர் அரசன் இப்படிச் செய்வானா என்றுதான் கேட்கத் தோன்றும். ஆனால் கொலைக்களக் காதையில் அந்த ஆணைக்குச் சற்று முன்பு நடப்பதைப் பாருங்கள். ஆடல் மகளிரிடம் அரசனின் உள்ளம் சென்றுவிட்டது என்று ஊடல் கொண்ட அரசி, அதை மறைத்துத் தலைநோய் என்று சொல்லி எழுந்து போய்விடுகிறாள்; அவளைத் தேடி அமைச்சர்களை விட்டு நீங்கி அந்தப்புரம் நோக்கிப் போகும் வழியில், வாயிலிலேயே பொற்கொல்லன் அரசனின் காலில் விழுகிறான். அவன் கொண்டுவரும் செய்தியோ, அந்த அரசியின் களவுபோன சிலம்பைப் பற்றியது. அரசனின் மனம் அரசியைத் தணிப்பதிலேயே இருக்கும் நேரத்தில், அவளைத் தணிக்கக்கூடிய பொருள் கிடைத்துவிட்டது என்று ஒருவன் சொல்கிறான். ஆணை பிறப்பதற்கு முன்பே அவசரம் பிறந்துவிட்டது. இளங்கோ பின்னால் வந்து விளக்கம் எதுவும் சொல்லவில்லை. காரணத்தை முன்கூட்டியே நடமாட விட்டிருக்கிறார். நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும்.

செய்முறை இது. உங்கள் கதையில் எல்லாவற்றையும் திருப்பிப்போடும் அந்த ஒரு முடிவை ஒரே வரியில் எழுதுங்கள். அதன் கீழே, அதே நிலையில் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் இருந்தால் அதற்குப் பதிலாக என்னவெல்லாம் செய்திருப்பார் என்று எழுதுங்கள். போலீசுக்குப் போவது, வீட்டில் சொல்வது, தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது, ஒன்றும் செய்யாமல் ஊருக்குக் கிளம்பிவிடுவது என்று பெரும்பாலும் நான்கைந்து வழிகளுக்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு வழியையும் எது அடைக்கிறது என்று அதனதன் பக்கத்தில் குறிப்பிடுங்கள். காரணம் எழுத முடியாத வழி ஏதாவது எஞ்சினால், அரங்கில் கேள்வி அங்கிருந்துதான் வரும்.

ஓர் உதாரணத்தை விரிவாகவே பார்க்கலாம். அஞ்சலை என்று ஒரு மீன்காரம்மாவை வைத்துக்கொள்வோம். தண்டல், அதாவது தினவசூல் கடன், கொடுத்தவரின் ஆள் அவளிடம் கையெழுத்து வாங்கி வைத்திருக்கும் வெற்றுப் பத்திரத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி, நள்ளிரவுக்கு மேல் காசிமேடு துறைமுகத்துக்குத் தனியாக வரச் சொல்கிறான்; அவளும் போகிறாள். பார்வையாளர் உடனே கேட்பார்: ஏன் தனியாகப் போகிறாள்? எழுதியவர் பெரும்பாலும் யோசிக்காத இன்னொரு கேள்வியையும் ராயபுரத்துப் பார்வையாளர் சேர்த்துக் கேட்பார்: அந்த நேரத்தில் துறைமுகம் எப்படி ஆளில்லாமல் இருக்கும்? விடிவதற்கு வெகுநேரம் முன்பே படகுகள் வந்து, மீன் இறங்கி, ஏலம் நடக்கும் இடம் அது. நகரத்தின் மற்ற பகுதிகள் தூங்கும் வேளையில்தான் அங்கே கூடைகளும் ஐஸும் கூச்சலுமாக இருக்கும். இருட்டும் கடலும் இருந்தால் தனிமையும் இருக்கும் என்று வெளியூர்க் கண்ணோடு எழுதப்பட்ட காட்சி அது.

இதைச் சரிசெய்ய இடத்தை மாற்ற வேண்டியதில்லை, மாதத்தை மாற்றினால் போதும். தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கதையை மே மாதத்துக்கு நகர்த்துங்கள். விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும்; பகலில் பழுதுபார்ப்பும் வண்ணம் பூசுவதும் நடந்தாலும் இரவில் அந்தப் பக்கம் அடங்கிவிடும். அதே நேரத்தில், விசைப்படகில் கூலிக்குப் போகும் அவளுடைய தம்பிக்கு வருமானம் நின்றுபோயிருக்கும் என்பதால் அவள் தண்டல் வாங்கியதற்கும் காரணம் கிடைத்துவிடுகிறது. தடைக்காலத்திலும் சிறிய ஃபைபர் படகுகள் போய் வருகின்றன. எனவே அந்த மீனை எடுக்கக் கிளம்புகிறேன் என்று அவள் சொன்னால், ஒட்டி ஒட்டி வீடுகள் இருக்கும் அந்தத் தெருவில் இரவு இரண்டு மணிக்குக் கூடையுடன் இறங்குகிறவளை யாரும் நிறுத்திக் கேட்க மாட்டார்கள். அவளுடைய தொழிலே அவளுக்கு மறைவாகிறது.

இனி மற்ற வழிகளை அடைக்க வேண்டும். தம்பியிடம் ஏன் சொல்லவில்லை? அந்தக் கடன் அடைந்துவிட்டது என்று அவனிடம் ஏற்கெனவே பொய் சொல்லியிருக்கிறாள். பக்கத்து வீட்டு அக்காவை ஏன் துணைக்கு அழைக்கவில்லை? அதே கடனுக்கு ஜாமீன் நின்றவள் அந்த அக்காதான். விஷயம் தெரிந்தால் முதலில் நடுங்கப்போகிறவள் அவள். போலீசுக்கு ஏன் போகவில்லை? வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது தன் குற்றம் என்று அவள் நம்புகிறாள். இவை அனைத்தையும் அவள் வாயால் சொல்லவைக்கக் கூடாது. ஜாமீன் நின்ற அக்கா, "அந்தத் தண்டல் முடிஞ்சிடுச்சில்ல அஞ்சல?" என்று குழாயடியில் கேட்க, இவள் குடத்தைத் தூக்கிக்கொண்டே "அதெல்லாம் எப்பவோ முடிஞ்சிதுக்கா" என்று சொல்லட்டும். அந்த ஒரு பதிலில் இரண்டு கதவுகள் அடைபடுகின்றன. பிறகு அவள் துறைமுகத்துக்குத் தனியாக நடக்கும்போது அரங்கிலிருந்து முதல் குரல்தான் எழும்.

கைப்பேசியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சிக்னல் இல்லை, சார்ஜ் இல்லை என்ற இரண்டும் இன்றைய பார்வையாளரிடம் செல்லாது. வீட்டுக்கு வீடு கோபுரம் தெரியும் தண்டையார்பேட்டையில் சிக்னல் இல்லை என்றால் யார் நம்புவார்? கைப்பேசியைப் பிடுங்குவதைவிட, பேச விடுங்கள். பாத்திரம் போலீசை அழைக்கட்டும், மறுமுனையில், காலையில் ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக்கொடுங்கள் என்று பதில் வரட்டும். உதவி கேட்டும் கிடைக்காதவன் எடுக்கும் முடிவை மக்கள் மன்னிப்பார்கள்; கேட்கவே நினைக்காதவனை மன்னிக்க மாட்டார்கள்.

இப்போது என்னை மிகவும் உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். வடசென்னைப் பாத்திரங்களுக்குக் காரணமே தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஒருவன் கத்தியை எடுக்கிறான். ஏன் என்றால், அந்த ஏரியாக்காரர்கள் அப்படித்தான், கோபக்காரர்கள், ரோஷக்காரர்கள் என்று பதில் வருகிறது. அது பதிலாகாது. பல லட்சம் பேர் வேலைக்கும் பள்ளிக்கும் கேரம் போர்டுக்கும் கால்பந்துக்கும் போய்வரும் ஊரில், கத்தி எடுக்காதவர்கள்தாம் ஏறக்குறைய எல்லோரும். ஆகவே அந்த ஒருவன் ஏன் எடுத்தான் என்பதற்கு அவனுக்கே உரிய காரணம் வேண்டும். அதே முடிவை மயிலாப்பூரிலோ மதுரையிலோ ஒரு பாத்திரம் எடுத்தால் என்ன காரணம் எழுதுவீர்களோ, அந்த அளவுக்கு இங்கேயும் எழுதுங்கள். ஊரின் பெயரை எடுத்துவிட்டுப் படித்தால் காரணம் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் நீங்கள் ஒரு மனிதனை எழுதவில்லை, ஒரு வதந்தியைத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

2021ஆம் ஆண்டு வெளிவந்த சார்பட்டா பரம்பரை திரைப்படத்தில் இதற்கு நேர்மாறான உழைப்பைக் காணலாம். நாயகன் கபிலன் குத்துச்சண்டை பழகுவதை அவனுடைய தாய் தொடக்கத்திலேயே அடித்துத் தடுக்கிறாள். குத்துச்சண்டை வீரனாக இருந்த கணவன் அடிதடிக்குள் போய் அழிந்ததைப் பார்த்தவள் அவள். பின்பாதியில் கபிலன் வழி தவறும்போது, அது திடீர்த் திருப்பமாக இல்லாமல், தாய் முன்பே பயந்த பள்ளமாகவே நமக்குத் தெரிகிறது. அவன்மேல் கோபம் வருகிறது, ஆனால் அவநம்பிக்கை வருவதில்லை.

தவறு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். பயத்திலும் பதற்றத்திலும் மனிதர்கள் புத்தியில்லாமல் நடப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் பதற்றம் சில நிமிடங்களுக்குத்தான் சாக்காகும். விபத்தைப் பார்த்தவன் அந்தக் கணத்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடுவான், அதற்கு விளக்கம் வேண்டியதில்லை. மூன்று நாள் கழித்தும் அவன் யாரிடமும் சொல்லவில்லை என்றால் அங்கே பதற்றம் போதாது. வெட்கம், விசுவாசம், கடன், ஒரு நப்பாசை என்று நாள்பட நிற்கும் ஏதாவது ஒன்று வேண்டும். தவறு நீள நீளக் காரணமும் கனக்க வேண்டும்.

பாத்திரத்துக்கு என்ன தெரியும் என்பதில் இடமும் அடங்கும். துரத்தப்படும் ஒருவன் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கம் வண்டியை விட்டு மூடிய கேட்டில் மாட்டிக்கொண்டால், அவன் அந்தப் பகுதியில் வளர்ந்தவன் என்ற பட்சத்தில் காட்சி கெட்டது. கேட் அடிக்கடி மூடும் என்பது அங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும். மழை நாளில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும் என்பதும் அப்படியே. ஆனால் துரத்துகிறவன் வெளியூர்க்காரன் என்று வைத்து, உள்ளூர்க்காரன் அவனை வேண்டுமென்றே அந்தப் பக்கம் இழுத்தால், அதே இடம் உங்களுக்கு நல்ல காட்சியாகிவிடும்.

வில்லன்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கையில் சிக்கிய நாயகனைக் கட்டிவைத்துப் பேசிக்கொண்டே இருக்கும் வில்லனுக்கு, அவன் உயிரோடு இருப்பதால் ஏதாவது ஆதாயம் இருக்க வேண்டும். இல்லையென்றால் கட்டிவைக்கும் காட்சியையே எடுத்துவிடுங்கள். தற்செயல்களுக்கும் ஒரு வரம்பு போதும்: பாத்திரத்தைச் சிக்கலில் மாட்டிவிடத் தற்செயலைப் பயன்படுத்தலாம், மீட்கப் பயன்படுத்தக் கூடாது.

எழுதி முடித்ததும், திரைக்கதையை அந்தத் தொழிலிலும் அந்தத் தெருவிலும் இருக்கும் ஓரிருவருக்குப் படித்துக் காட்டுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். மரியாதைக்கு நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். முடிவு வரும் இடத்துக்குச் சற்று முன்பாக நிறுத்தி, "நீங்களாக இருந்தால் இப்போது என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதில் உங்கள் பட்டியலில் இல்லாத வழியாக இருந்தால், அதை அடைக்காமல் படப்பிடிப்புக்குப் போகாதீர்கள்.

படத்தொகுப்பு மேசையிலும் விழிப்பாக இருக்க வேண்டும், ஏனென்றால் திரைக்கதையில் இருந்த காரணம் பல நேரங்களில் அங்கேதான் காணாமல் போகிறது. படம் நீளம் என்று வரும்போது முதலில் வெட்டுப்படுவது குழாயடிப் பேச்சு போன்ற சிறிய காட்சிகள்தாம். அவற்றில் சண்டையும் இல்லை, பாட்டும் இல்லை. எனவே கதவை அடைக்கும் காட்சிகள் எவை என்று படத்தொகுப்பாளரிடம் முன்பே எழுதிக்கொடுங்கள். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், தகவலை மட்டுமாவது காப்பாற்றுங்கள். அஞ்சலை முதுகு காட்டி நடக்கும் வேறொரு காட்சியில், அக்காவின் கேள்வியையும் இவளுடைய பதிலையும் டப்பிங்கில் சேர்த்துவிட முடியும்.