காவிரிக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்க

குறுவைக்கு நாற்றங்கால் தயார் செய்யும் முன் நான் முதலில் எடுப்பது ஒரு பழைய நோட்டுப்புத்தகம். செய்தியில் வரும் காவிரி எண்களை அதில் மாற்றி எழுதினால்தான் எனக்கு நிலவரம் பிடிபடும்.

கர்நாடகம் தமிழகத்துக்குத் திறந்துவிட வேண்டிய நீர் பற்றிய அறிவிப்பில் “விநாடிக்கு 5,000 கன அடி, 15 நாள்” என்று வரும். கேட்பதற்குப் பெரிதாக இருக்கும். விநாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுவதும் ஓடினால் 1 டி.எம்.சி., அதாவது நூறு கோடி கன அடி. ஆகவே 5,000-ஐ 11,574-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்குங்கள்: ஏறக்குறைய 6.5 டி.எம்.சி. மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பதை அருகில் எழுதினால், பெருமூச்சு தானாக வரும்.

அடுத்து, அளவிடும் இடம். 2018 பிப்ரவரித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு ஒதுக்கிய 177.25 டி.எம்.சி. மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலு நீர் அளவீட்டு நிலையத்தில் அளக்கப்படுகிறது. கர்நாடக அணைகளில் திறந்ததாகச் சொல்லும் எண்ணையும் அங்கே வந்துசேர்ந்த எண்ணையும் ஒரே பத்தியில் எழுதாதீர்கள். நான் ஒருமுறை அப்படி எழுதி, வராத நீரை நம்பி விதை ஊறவைத்தேன்.

ஆண்டுக் கணக்கு ஜூனில் தொடங்கி மே மாதம் முடியும். ஆண்டு மொத்தத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம், மாதவாரியாகவே பாருங்கள். அக்டோபர் வெள்ளம் ஜூலைப் பயிரைக் காப்பாற்றாது. மழை பொய்த்த ஆண்டில் பங்கும் அதே விகிதத்தில் குறையும். எவ்வளவு குறைப்பது என்பதில்தான் சண்டையே. என் நோட்டில் அந்தப் பக்கத்தைப் பென்சிலால்தான் எழுதுகிறேன்.