கோரஸ்ல நிக்கறவங்க முன்னாடி மைக்குக்கு வர்றது எப்படி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம்னு நம்ம பாலக்காட்டு எல்லைப் பக்கம் பாட்டு ட்ரூப்புல பாடுற புள்ளைங்க எல்லாம் எங்கிட்ட கேக்கறது ஒண்ணுதான், "அக்கா, எத்தன வருசம் பின்னாடி நின்னு ஹம்மிங்கே பாடுறது?" நானும் பதினோரு வருசம் கோரஸ்ல நின்னவ, அதனால எனக்கு தெரிஞ்சத சொல்றேன்.

லூதர் வான்ட்ராஸ்னு நியூயார்க்கார பாடகர் ஒருத்தர். 1974ல ஃபிலடெல்ஃபியால இங்கிலாந்து ராக் பாடகர் டேவிட் போவியோட ரெக்கார்டிங் நடக்குது, இவரு ஃப்ரெண்டு கூட சும்மா போயிருக்காரு. கோரஸ் இந்த எடத்துல இப்படி வந்தா நல்லாருக்குமேன்னு பக்கத்துல இருந்தவங்ககிட்ட பாடிக்காட்டுனது போவி காதுல விழுந்து, அந்த ஆல்பத்துலயே வேலை கெடச்சிருச்சு. அப்புறம் பின்பாட்டு, விளம்பர ஜிங்கிள்னு பாடிட்டே இருந்தாரு, நடுவுல ஒரு குரூப் வெச்சு போட்ட ரெண்டு ஆல்பமும் ஓடல, சொந்தப் பேர்ல ஜெயிச்சது 1981லதான். அவரு கோரஸ வெயிட்டிங் ரூமா நெனைக்கல, அங்கயே தொழில கத்துகிட்டாரு. நீங்களும் அப்படித்தான் பாக்கணும்.

மொதல்ல கொரல மறைக்கக் கத்துக்கங்க. நாலு பேர் சேந்து "சந்தோஷம்"னு பாடுறப்ப நாலு பேரும் "ஷ"வ அழுத்துனா மைக்குல பாம்பு சீறுற மாதிரி கேக்கும், அதனால ஒருத்தர் மட்டும் முழுசா சொல்லி மத்த மூணு பேரும் பட்டும் படாம விட்டுரணும். "ஆ"வுக்கு வாய எவ்வளவு தொறக்கறதுன்னும் பக்கத்துல நிக்கறவங்களப் பாத்து ஒத்துக்கணும். இது கைவந்துட்டா கொரல் நீங்க சொன்னபடி கேக்கும், தனியா பாடறப்ப அது எவ்வளவு ஒதவும்னு அப்பத்தான் தெரியும்.

ரெண்டாவது, நோட்டு. மெயின் சிங்கர் பாடுற பாட்டு எல்லாத்தையும் எழுதி, பக்கத்துலயே உங்க சுருதி என்னன்னு குறிச்சு வைங்க. ஒரு உற்சவ கானமேளாவுக்கு, அதான் கோயில் திருவிழா பாட்டுக் கச்சேரிக்கு, எங்க பாடகி வாளையார் ட்ராஃபிக்ல மாட்டிகிட்டாங்க, ஸ்டேஜ்ல கீபோர்டுக்காரர் "யாராவது பாடுறீங்களா"ன்னு கேட்டாரு, என்னவிட நல்லா பாடுறவங்க ரெண்டு பேர் இருந்தும் அவங்களுக்கு அவங்க ஸ்கேல் தெரியல. நான் நோட்டப் பாத்து "ஒன்ற கட்ட கொறைச்சுக்கங்கண்ணா"ன்னேன், அவரு டிரான்ஸ்போஸ் பட்டன அமுக்குனாரு, பாடிட்டேன். என் மொத தனிப்பாட்டு அதான்.

ட்ராக் பாடக் கூப்பிட்டா கோயமுத்தூர் வரைக்கும் போங்க. பின்னால பெரிய பாடகர் வந்து பாடுறதுக்கு முன்னாடி மாதிரிக்கு பாடிக் குடுக்கற வேலை, பேரு வராது, ஆனா மியூசிக் டைரக்டர் உங்க கொரல திரும்பத் திரும்ப கேப்பாரு. காசு எவ்வளவுன்னு மட்டும் முன்னாடியே பேசிருங்க, எனக்கு ஒரு எடத்துல ரெண்டு பாட்டுக்கு இன்னும் வரல.

உச்சரிப்பு ரொம்ப முக்கியம். நமக்கு தமிழும் மலையாளமும் சேந்தே வருது, அது வரம்தான், ஆனா ஒண்ணு இன்னொண்ணுல ஒழுகக் கூடாது. நம்ம பாலக்காட்டு சித்தூர்ல பொறந்த ஸ்வர்ணலதாவ எலப்புள்ளிக்காரர் எம்.எஸ்.வி. 1987ல தமிழ்ல பாட வெச்சாரு, 1994 படத்துக்கு தேசிய விருதே வாங்குனாங்க, அவங்க பாட்ட ஹெட்ஃபோன் போட்டு கேட்டு ஒவ்வொரு எழுத்தும் எப்படி விழுதுன்னு பாருங்க. தெனமும் செல்ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி "ழ" "ள"வ மட்டும் சோதிங்க.

கேரளால உற்சவ சீசன் மகர மாசத்துல இருந்து மேட மாசம் வரைக்கும், நம்ம தை முதல் சித்திரை வரைக்கும், அது முடிஞ்சா ஆடில தமிழ்நாட்டு அம்மன் கோயில். ரெண்டு பக்கமும் பாடுனா மேடை நெறைய கெடைக்கும். சீசனுக்கு ஒரு மாசம் முன்னாடியே ட்ரூப் லீடர்கிட்ட போயி, தயாரா இருக்கற மூணு பாட்ட சுருதியோட எழுதிக் குடுத்துட்டு, "ஒரு சரணமாவது குடுங்கண்ணா"ன்னு வாய்விட்டு கேளுங்க.