நத்தாருக்குத் துணிக் கொக்கான்

மார்கழி மழையில் எங்கள் மட்டக்களப்புப் பக்கம் பசையும் காயாது, பெயின்டும் காயாது. அதனால் பிள்ளைகளுக்கு நத்தார் (கிறிஸ்மஸ்) பரிசு கையால் செய்வதென்றால் தைக்கிற பொருளே நல்லது. கொக்கான் என்றால் மேலே எறிந்து கையிலும் புறங்கையிலும் பிடித்து விளையாடும் சிறு கற்கள்; கல்லுக்குப் பதிலாகத் துணிக் கொக்கான் செய்து பாருங்கள்.

தையல் கடையில் கேட்டால் மிஞ்சிய துண்டுகளைச் சும்மாவே தருவார்கள். மருதமுனைக் கைத்தறிச் சாரத் துண்டு கிடைத்தால் விடாதீர்கள், அது தனி அழகு. 6 சென்ரிமீற்றர் சதுரமாக 10 துண்டு வெட்டுங்கள். இரண்டிரண்டாக, நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி வைத்து, மூன்று ஓரமும் நெருக்கமாகத் தையுங்கள். அப்புறம் புரட்டி, பயறு போட்டு, நாலாவது ஓரத்தை மூடினால் 5 கொக்கான்.

பயறை முதலில் வெறும் சட்டியில் வறுத்து நன்றாக ஆறவிடுங்கள். பச்சையாகப் போட்டால் ஈரம் பட்டு முளைக்கும், வண்டும் வரும். முக்கால்வாசிக்கு மேல் நிரப்பவும் வேண்டாம். கொஞ்சம் தளர்வாக இருந்தால்தான் புறங்கையில் நிற்கும், இறுக்கினால் உருண்டு விழும்.

வீட்டில் மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருந்தால் பயறே வேண்டாம். தையல் விட்டால் மூக்கிலோ வாயிலோ போட்டுவிடும். அவர்களுக்குத் துணியையே பொடியாக நறுக்கி அடையுங்கள்.