பித்தப்பைக் கல்: ஸ்கேன் அறிக்கை முதல் அறுவைச் சிகிச்சை வரை விளங்கிக்கொள்வது எப்படி?

வேறு ஏதோ ஒரு காரணத்துக்காக வயிற்றை ஸ்கேன் எடுக்கப் போய், பித்தப்பையில் கல் இருக்கிறது என்ற செய்தியோடு திரும்புகிறவர்கள் பலர். உடனே எடுத்துவிட வேண்டும் என்று ஒரு சாராரும், ஆபரேஷனே வேண்டாம், கரைத்துவிடலாம் என்று மற்றொரு சாராரும் அறிவுரை சொல்லத் தொடங்கிவிடுவார்கள். இரு சாராரும் கல் இருக்கிறதா, அது எவ்வளவு பெரியது என்பதையே பேசுகிறார்கள். ஆனால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்தக் கல் எங்கே நிற்கிறது, எந்த வழியை அடைக்கிறது என்பதுதான். வலியின் தன்மை, ரத்தப் பரிசோதனையில் ஏறும் எண்கள், சிகிச்சையின் அவசரம் ஆகிய மூன்றும் பெரும்பாலும் அதைப் பொறுத்தே அமைகின்றன.

ஆகவே முதலில் ஒரு தாளில் அந்தப் பாதையை வரைந்துகொள்ளுங்கள். வலப்பக்க விலா எலும்புகளுக்குப் பின்னால் கல்லீரலும், அதன் அடிப்பரப்பை ஒட்டி 7 முதல் 10 செ.மீ. நீளமுள்ள பித்தப்பையும் இருக்கின்றன. பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை அது சுரக்கிறது. பித்தப்பை அதில் ஒரு பகுதியை வாங்கி, நீரை உறிஞ்சிக் கெட்டியாக்கி, 30 முதல் 50 மில்லி அளவுக்குச் சேமித்து வைக்கிறது. கொழுப்புள்ள உணவு சிறுகுடலின் தொடக்கப் பகுதியை எட்டியதும் அங்கிருந்து கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரக்க, பித்தப்பை சுருங்கி, பித்தநீரைத் தன் குறுகிய குழாய் வழியாகப் பொதுப் பித்தநாளத்துக்குள் தள்ளுகிறது. கல்லீரலிலிருந்து நேராக வரும் குழாயும் அந்த நாளத்தில்தான் சேர்கிறது. அதன் கடைசி முனையில், சிறுகுடலுக்குள் நுழையும் இடத்தில், கணையத்திலிருந்து வரும் குழாயும் வந்து இணைகிறது. பித்தப்பையின் உட்புறம், பித்தப்பைக் குழாய், பொதுப் பித்தநாளம், கணையக் குழாய் சேரும் முனை ஆகிய நான்கு இடங்களையும் தாளில் குறித்துக்கொண்டால் இந்த நோயின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

கல் உருவாவதற்கு உணவு ஒன்றே காரணமல்ல. பித்தநீரில் கரையும் அளவுக்கு மேல் கொலஸ்ட்ரால் சேர்வதும், பித்தப்பை முழுமையாகச் சுருங்காமல் பித்தநீர் தேங்குவதும் சேர்ந்தே பெரும்பாலான கற்களைத் தோற்றுவிக்கின்றன. கர்ப்ப காலம், உடல் பருமன், முதிர்ந்த வயது, மிக வேகமாக எடை குறைதல் ஆகியவை அந்த வாய்ப்பைக் கூட்டுகின்றன. ரத்தச் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிச் சிதைகிற நோயுள்ளவர்களுக்கு உண்டாவது வேறு வகை: நிறமிக் கற்கள்.

இப்போது கல்லை அந்த நான்கு இடங்களிலும் வைத்துப் பாருங்கள். பித்தப்பைக்குள் சும்மா கிடக்கும் கல் வலி எதையும் தருவதில்லை. கல் உள்ளவர்களில் பெரும்பாலோர் இந்த நிலையிலேயே இருக்கிறார்கள். பித்தப்பை சுருங்கும்போது கல் உருண்டு வந்து அதன் குழாயின் வாயை அடைத்தால், மேல் வயிற்றின் நடுவிலோ வலப்பக்கத்திலோ இறுக்கிப் பிடிக்கும் வலி எழும். முதுகுக்கோ வலத் தோள்பட்டைக்கோ அது பரவலாம். அரை மணி நேரத்திலிருந்து சில மணி நேரம் வரை நின்று, கல் நகர்ந்ததும் வலி விட்டுவிடும். அடைப்பு நீங்காமல் 6 மணி நேரத்தைக் கடந்தும் வலி நீடித்து, காய்ச்சலும் சேர்ந்தால், பித்தப்பை அழற்சி என்று கருத வேண்டும். அந்த நேரத்தில் மருத்துவர் வலது விலா விளிம்புக்குக் கீழே விரல்களை வைத்து அழுத்தியபடி மூச்சை இழுக்கச் சொல்வார். கீழிறங்கும் பித்தப்பை விரலில் பட்டதும் நோயாளி வலி தாங்காமல் பாதி மூச்சில் நிறுத்திவிடுவார். பெரிய கருவிகள் ஏதும் வேண்டாத இந்தச் சோதனை இன்றும் பயனுள்ளதாகவே இருக்கிறது.

கல் பித்தப்பையை விட்டு வெளியேறிப் பொதுப் பித்தநாளத்தில் சிக்கினால் கதை மாறுகிறது. அப்போது கல்லீரலின் பித்தநீரும் குடலுக்குப் போக வழியின்றித் தேங்கும். பித்தநீரிலுள்ள மஞ்சள் நிறமி குடலை எட்டாததால் மலம் வெளுக்கும்; அது ரத்தத்தில் ஏறிச் சிறுநீர் வழியே வெளியேறுவதால் சிறுநீர் கருத்து, கண் மஞ்சளாகும். இதனோடு குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வந்தால் தேங்கிய பித்தநீரில் கிருமித் தொற்று ஏற்பட்டிருக்கலாம். மறுநாள் வரை காத்திருக்கக் கூடாத அவசர நிலை இது. கடைசி முனையில் கல் சிக்கினால் கணையம் அழற்சியுறும். முதுகு வரை ஊடுருவும் கடும் வலியும் ஓயாத வாந்தியும் அதன் அடையாளங்கள்.

ஸ்கேன் அறிக்கையையும் இதே வரைபடத்தை வைத்துப் படிக்கலாம். கல்லின் அளவைத்தான் பலரும் முதலில் தேடுகிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது பித்தப்பைச் சுவரின் தடிமனையும் பொதுப் பித்தநாளத்தின் விட்டத்தையும்தான். சுவர் 3 மி.மீ.க்கு மேல் தடித்திருந்தால் அழற்சி இருக்கலாம். நாளத்தின் விட்டம் பொதுவாக 6 மி.மீ. வரை இயல்பு என்று கொள்ளப்படுகிறது. வயது ஏற ஏற அது சற்றே கூடும். அந்த அளவை மீறி விரிந்திருந்தால் கீழே எங்கோ அடைப்பு உண்டா என்று தேட வேண்டும். பின்னால் நிழல் விழுகிறது, உடலைத் திருப்பினால் நகர்கிறது என்று எழுதியிருந்தால் அது கல். நிழலும் இல்லை, நகரவும் இல்லை என்றால் சுவரிலிருந்து வளர்ந்த சிறு சதைத் திரட்சியான பாலிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். வெறும் வயிற்றோடு வரச் சொல்வதற்கும் காரணம் உண்டு: சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும், உள்ளே இருப்பது தெளிவாகத் தெரியாது. ரத்தப் பரிசோதனையில் பித்தநீரின் நிறமியான பிலிருபினும், பித்தநாளம் அடைபட்டால் ஏறும் நொதியான ஆல்கலைன் பாஸ்படேஸும் உயர்ந்திருந்தால் நாளத்தில் அடைப்பு உண்டா என்று ஐயுற வேண்டும். கணையம் சுரக்கும் நொதியான லைப்பேஸ் இயல்பின் உச்ச வரம்பைப் போல மூன்று மடங்கைத் தாண்டினால் கணையத்தைப் பார்க்க வேண்டும்.

எவ்விதத் தொந்தரவும் தராத கல்லுக்குப் பொதுவாக அறுவைச் சிகிச்சை தேவையில்லை. அத்தகையவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒருவர் முதல் நால்வர் வரைதான் வலியை உணரத் தொடங்குகிறார்கள். 10 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட பாலிப் போன்ற சில நிலைகள் இதற்கு விலக்கு. வலி ஒரு முறை வந்துவிட்டால் மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், அப்போது பித்தப்பையை அகற்றுவதே நிலையான தீர்வு. கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவைத்தால் என்ன என்று கேட்பது இயல்புதான். கல்லை விளைவிக்கும் பையும் பித்தநீரும் அப்படியே இருப்பதால் அது மறுபடியும் உருவாகும். உர்சோடியாக்சிகோலிக் அமிலம் என்ற மருந்து சிறிய கொலஸ்ட்ரால் கற்களைப் பல மாதங்களில் கரைக்கக்கூடும். ஆனால் மருந்தை நிறுத்தியபின் பலருக்கும் கல் திரும்பிவிடுகிறது. சிறுநீரகக் கல்லைப் போல நிறையத் தண்ணீர் குடித்து இதை வெளியேற்ற முடியாது, ஏனெனில் குடிக்கும் நீர் பித்தப்பைக்குள் போவதில்லை. ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தபின் மலத்தில் வரும் பச்சை உருண்டைகளைக் கல் என்று காட்டுகிறார்கள். அந்த எண்ணெய் குடலில் செரிக்கும்போது உருவாகும் சோப்புக் கட்டிகளே அவை.

பித்தப்பையை முதன்முதலில் அகற்றியவர் ஜெர்மானிய அறுவை மருத்துவர் கார்ல் லாங்கன்பூக், ஆண்டு 1882. சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் 1985-இல் அதைச் செய்தவர் எரிக் மூஹே. இன்று முழு மயக்கத்தில், வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தி இடம் உண்டாக்கி, பெரும்பாலும் 5 மி.மீ. முதல் 10 மி.மீ. வரையான நான்கு துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் நுழைக்கிறார்கள். இந்த அறுவையில் மிகுந்த கவனம் வேண்டிய கட்டம், பித்தப்பையின் கழுத்தைச் சுற்றியுள்ள கொழுப்பையும் சவ்வையும் விலக்குவதாகும். பித்தப்பைக்குள் செல்பவை அதன் குழாயும் ரத்தக்குழாயும் ஆகிய இரண்டே என்பது கண்ணுக்குத் தெளிவாகப் புலப்பட்ட பிறகே கிளிப் போட்டு வெட்ட வேண்டும். பொதுப் பித்தநாளத்தைத் தவறாக வெட்டிவிடுவது அரிது, ஆனால் நேர்ந்தால் பெரும் சிக்கல். அழற்சியால் எல்லாம் ஒட்டிப்போய் எது எதுவென்று தெரியாவிட்டால் வயிற்றைத் திறந்து செய்ய முடிவெடுப்பார்கள். அதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம், பாதுகாப்பான வழியைத் தேர்ந்ததாகவே கொள்ள வேண்டும்.

கையொப்பமிடும் முன் அறுவை மருத்துவரிடம் கேளுங்கள்: பொதுப் பித்தநாளத்தில் கல் இல்லை என்பதை எதைக் கொண்டு உறுதி செய்தீர்கள்? ஐயமிருந்தால் பித்தநாளங்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. வகையான எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் எடுப்பார்கள், கல் இருந்தால் வாய்வழி எண்டோஸ்கோப்பியைச் செலுத்தி, நாளத்தின் முனையைச் சற்று அகலப்படுத்தி அதை எடுக்கும் இ.ஆர்.சி.பி. முறை உண்டு. ரத்தம் உறையாமலிருக்க உண்ணும் மாத்திரைகள், நீரிழிவு மாத்திரைகள், எடை குறைப்பு ஊசிகள் ஆகியவற்றைப் பெயர் சொல்லித் தெரிவியுங்கள்; நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். திட உணவைக் குறைந்தது 6 மணி நேரம் முன்பும், தண்ணீரை 2 மணி நேரம் முன்பும் நிறுத்தச் சொல்வது வழக்கம் என்றாலும், உங்களுக்கென்று மயக்க மருத்துவர் குறித்துத் தரும் நேரத்தையே பின்பற்றுங்கள். வயிற்றில் உள்ளது மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குள் புகாமல் தடுப்பதற்கே இந்த விதி.

மறுநாள் வயிற்றைவிடத் தோள்பட்டை அதிகம் வலிப்பதாகச் சொல்கிறவர்கள் உண்டு. எஞ்சிய வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்த, அதன் நரம்பும் தோளின் நரம்புகளும் கழுத்தில் ஒரே பகுதியிலிருந்து கிளம்புவதால் மூளை அதைத் தோள் வலியாக உணர்கிறது. ஓரிரு நாளில் அடங்கிவிடும். பித்தநீர் இனிச் சேமிக்கப்படாமல் சொட்டுச் சொட்டாகக் குடலுக்குள் வடிவதால் சிலருக்குச் சில வாரங்கள் மலம் இளகிப் போகலாம். செரிமானம் மற்றபடி நடக்கும். கண் மஞ்சளாவது, காய்ச்சல், நாளுக்கு நாள் குறையாமல் கூடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும். அகற்றிய பித்தப்பையைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால், தையலைக் காட்டப் போகும் நாளில் அந்த அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். வெளியே எந்த அறிகுறியும் காட்டாத புற்றுநோய் அரிதாக அதில்தான் முதலில் தெரியவருகிறது.